பதினொரு கிலோ சில்லறை

புஹாரி நானாவின் கொமினிகேஷன் கடையில் கலாராணிக்குக் காலையில் முதல் வேலை, கம்பியூட்டருக்குப் போர்த்தியிருக்கும் துணியை எடுத்து ஈரம் போக உதறுவது. அப்புத்தளைப் பக்கமிருந்து இறங்கும் பனி, கதவிடுக்கு வழியாக நுழைந்து நெலுகொல்லை பசாரின் எல்லாக் கடைகளையும் நனைத்துவிடும். அன்று அவள் துணியை உதறிக்கொண்டிருக்கும்போதே றஷீனா வந்துவிட்டாள். கையில் ஒரு பால்மா டின்.

"கலா, இத என்ன செய்றதுண்டு சொல்லுங்க" என்று சொல்லி டின்னை மேசைக் கண்ணாடிமேல் கவிழ்த்தாள்.

சலசலவென்று நாணயங்கள் கொட்டின. றஷீனா எட்டு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள். நோட்டுகளை எல்லாம் அனுப்பிவிட்டாள். சில்லறை மட்டும் மிஞ்சிவிட்டது. வங்கிக்குக் கொண்டு போனால், வெளிநாட்டு நோட்டு என்றால் மாற்றித் தருவோம், நாணயம் எடுப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரிலுள்ள கடைக்காரர், பழைய இரும்பு விலைக்குத்தான் எடுப்பேன் என்றாராம்.

கலாராணிக்கு வயது இருபத்தாறு. பெரியசோலைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, உயர்தரம் வரைக்கும் படித்து, இந்தக் கடையில் போட்டோகொப்பி எடுப்பதும், விண்ணப்பம் நிரப்புவதும், இன்டர்நெட் பார்க்க வருபவர்களுக்குக் காட்டிக் கொடுப்பதுமாக மூன்று வருடத்தை ஓட்டியவள். றஷீனா போன பிறகு, அந்த நாணயங்களை ஸ்கேனரின் கண்ணாடிமேல் பரப்பிப் படம் எடுத்தாள். நாணயம் சேர்ப்பவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு இணையத்தளத்தில் அந்தப் படத்தைப் போட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினாள்.

மூன்றாம் நாள் ஜெர்மனியிலிருந்து பதில் வந்தது. எழுதியவர் நாணயக் கடை வைத்திருப்பவர். ஒவ்வொன்றாகத் தனக்குத் தேவையில்லை, எந்த நாட்டு நாணயமானாலும் கலந்து கிலோக்கணக்கில் அனுப்பினால் வாங்கிக்கொள்கிறேன், யூரோ இருந்தால் அதைத் தனியாக எண்ணி அதன் மதிப்புக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். பொதி கைக்கு வந்த மறுநாள் வங்கி மூலம் பணம் அனுப்புவதாகவும் எழுதியிருந்தார்.

யூரோ என்ற சொல்லைப் பார்த்ததும் கலாராணிக்குத் தன் லயத்து ஞாபகம் வந்தது. பெரியசோலையின் மேட்டுப் பாதையில் உல்லாசப் பயணிகளின் வேன்கள் வந்து நிற்கும். வெள்ளைக்காரர்கள் இறங்கி, கொழுந்து பறிக்கும் பெண்களைப் படம் எடுப்பார்கள். போகும்போது கையில் ஒன்றிரண்டு நாணயங்களை வைத்துவிட்டுப் போவார்கள். அந்த நாணயங்களுக்குத் தோட்டத்தில் மதிப்பில்லை. பசாரில் ஒரு யூரோவுக்கு இருபது ரூபாய் கொடுப்பார்கள். அதன் உண்மையான பெறுமதி நூற்றிருபதுக்கு மேல் என்பது கொழுந்து பறிப்பவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

கலாராணி போய்ச் சொன்னாள். டின்களும் சுருக்குப் பைகளும் வெளியே வந்தன. இது நடந்தது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டின் தொடக்கத்தில்.

முதல் பொதி நாலு கிலோ. அதை அட்டைப் பெட்டியில் கட்டி, தூக்கிக்கொண்டு பசாரின் தபால் கந்தோருக்குப் போனாள். பார்சல் எடுக்கும் இடத்தில் தனேஸ்வரன் இருந்தார். யாழ்ப்பாணத்துப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடமாக மலைநாட்டிலேயே வேலை பார்ப்பவர். பெட்டியைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உதுக்குள்ள என்ன?"

"காசுங்க ஐயா. வெளிநாட்டுச் சில்லறை."

"காசு தபாலில அனுப்ப ஏலாது எண்டு தெரியாதே?"

கலாராணிக்குத் தெரியவில்லை. அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நாடு இருக்கிற நிலைமையில நாலு கிலோ உலோகத்தைப் பெட்டியில கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர். வழிவழிய செக்பொயிண்ட். நான் ஒரு போன் எடுத்தனெண்டால் உம்மை ஆர் வந்து கூட்டிக்கொண்டு போவினம் எண்டு யோசிச்சுப் பாத்தனீரோ?"

கலாராணி பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். போன மாதம்தான் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒருவனை அடையாள அட்டை இல்லை என்று பிடித்துப் போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள்.

"சரி, சின்னப் பிள்ளை எண்டு பாக்கிறன்" என்றார் தனேஸ்வரன். "அன்பளிப்புச் சாமான் எண்டு போட்டு அனுப்பி விடுறன். நிரப்பிற போமுக்குள்ள முந்நூறு ரூபாயை வைச்சுத் தாரும்."

அவள் வைத்துக் கொடுத்தாள். பொதி போயிற்று. பன்னிரண்டாம் நாள் பணம் வந்தது. றஷீனாவுக்கும் லயத்துப் பெண்களுக்கும் பசாரில் கிடைப்பதைப் போல நாலு மடங்கு கிடைத்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அந்த முந்நூறு ரூபாயை மட்டும் எங்கே காட்டுவது என்று கலாராணிக்குத் தெரியவில்லை. தன் சம்பளத்திலிருந்து போட அவளிடம் இல்லை. ஆளுக்குக் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுத்தாள். யாரும் கேட்கவில்லை.

அடுத்த பொதிக்கு ஐந்நூறு. அதற்கடுத்ததற்கு ஆயிரம். "ரிஸ்க் கூடிக்கொண்டு போகுதெல்லோ" என்றார் தனேஸ்வரன். ஒவ்வொரு முறையும் அவள் லயத்துக்குப் போய், "இந்த தடவ ரேட்டு கொறைஞ்சிருச்சுக்கா" என்று சொன்னாள். முதல் தடவை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நாலாவது தடவை சரளமாக வந்தது.

ஆகஸ்ட் மாதத்தில் ஜெர்மனிக்காரர் பெரிய ஓடர் ஒன்று கொடுத்தார். செப்டெம்பர் கடைசியில் அங்கே ஒரு நாணயச் சந்தை இருக்கிறது, அதற்கு முன் பத்துக் கிலோவுக்குக் குறையாமல் வேண்டும், பிந்தினால் தேவையில்லை என்று எழுதினார். பெரியசோலை மேற்பிரிவில் நாற்பத்து மூன்று பெண்கள் சேர்ந்தார்கள். பறங்கி மலைப் பிரிவிலிருந்தும் டின்கள் வந்தன. எல்லாமாகப் பதினொரு கிலோ.

இந்தத் தடவை மேற்பிரிவுப் பெண்கள் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். பணத்தை ஆளுக்கு ஆள் பிரித்துக்கொள்ள வேண்டாம், பீலித் தண்ணீரை லயத்துக்குக் கொண்டுவர அந்தப் பணத்தில் குழாய் வாங்கலாம் என்று. பீலி என்றால் மலையிலிருந்து விழும் தண்ணீரை மூங்கிலில் பிடித்து விட்டிருக்கும் இடம். லயத்திலிருந்து அரை மைல் மேட்டில் இருந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும் முன்னும், மலையிலிருந்து இறங்கிய பின்னும், குடத்தைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குவது பெண்களின் வேலை. இந்த யோசனையைச் சொன்னவள் இராக்கம்மா. நாற்பது வயது, கொழுந்து நிறுக்கும்போது தராசில் கைவைத்த கணக்கப்பிள்ளையின் கையைத் தட்டிவிட்டவள் என்று பெயர் எடுத்தவள்.

பதினொரு கிலோ பெட்டியைப் பார்த்ததும் தனேஸ்வரன் சிரித்தார்.

"இது வேற லெவல், பிள்ளை. ஐயாயிரம் இல்லாமல் இது அசையாது. யோசிச்சுக்கொண்டு வாரும்."

கலாராணி பெட்டியைத் திருப்பித் தூக்கிக்கொண்டு போனாள். கடைசியில், எப்போதும் சொல்வதையே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பீலியடிக்குப் போனாள். பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ரேட்டு கொறைஞ்சிருச்சுக்கா. ஐயாயிரம் போல கொறையும்" என்றாள்.

துவைக்கும் சத்தம் நின்றது. இராக்கம்மா கையிலிருந்த துணியைப் பிழிந்து கல்மேல் வைத்தாள். விரலை மடக்கி எதையோ கணக்குப் போட்டாள்.

"அப்படின்னா குழா அடி கொறையும். பதினேழாவது காம்பராவோட நின்னுரும். கடைசி மூணு காம்பராவுக்கு எட்டாது." அடுத்த துணியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே சொன்னாள்: "பரவால்ல. மூணு வீடுதானே. நாங்க வழக்கம்போல தூக்கிக்கிறோம். மத்தவங்களுக்காச்சும் வரட்டும்."

கடைசி மூன்று அறைகளில் ஒன்று இராக்கம்மாவுடையது. அவளுக்குப் பக்கத்து அறையில் இருந்தவள் எட்டு மாதக் கர்ப்பிணி. அவளும் பீலியடியில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். கலாராணியைப் பார்த்து, அது ஒன்றும் உன் குற்றமில்லை என்பதுபோலச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைத்தான் கலாராணியால் தாங்க முடியவில்லை. ஈரக் கல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ரேட்டு கொறையல" என்றாள். "எந்த தடவையும் கொறையல. வெள்ளைக்காரர் பேசுனத சரியாத்தான் அனுப்புறாரு. தபால் கந்தோருல கேக்குறாங்க. நான் குடுத்தேன். ஒங்க பங்குலேருந்து எடுத்துக் குடுத்தேன்."

எவ்வளவு, எப்போது, என்ன சொல்லி மிரட்டினார் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது யாரும் அவளைத் தேற்றவில்லை.

"எங்க மொகத்தப் பாத்து எப்புடிடி சொன்ன?" என்றாள் ஒருத்தி. "வெயிலுலயும் மழையிலயும் பல்லக் காட்டிப் போட்டோவுக்கு நின்னு வாங்குன காசு அது."

இன்னொருத்தி தன் டின்னைத் திருப்பித் தரச் சொன்னாள். கலாராணி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஓய்ந்த பிறகு இராக்கம்மா கேட்டாள்.

"காசு அனுப்பக்கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு அவரு சொன்னாரு. நீ பாத்தியா அந்தச் சட்டத்த?"

"இல்லக்கா."

"பாக்காமலே ஆறு மாசமா பயந்தியா?"

அந்தக் கேள்வி கலாராணியோடு பசார் வரைக்கும் நடந்து வந்தது. திங்கட்கிழமை புஹாரி நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. டெலிபோன் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் போட்டார்.

"சட்டம்ண்டா எங்கயாவது எழுதித்தானே வெச்சிருப்பாங்க புள்ள. கொழும்புக்கு எடுத்துக் கேளுங்க. போன் காசு என்ட கணக்குல."

நாலு இலக்கம் மாறி, மூன்று முறை துண்டிக்கப்பட்டு, கடைசியில் கொழும்பில் ஒரு பெண் அலுவலர் பொறுமையாகக் கேட்டார். சாதாரணக் கடிதத்திலோ சாதாரணப் பார்சலிலோ நாணயம் அனுப்பக் கூடாது, ஆனால் காப்புறுதிப் பார்சலாக, உள்ளே என்ன இருக்கிறது, அதன் பெறுமதி என்ன என்று எழுதிக் கையெழுத்திட்டு, திறந்து காட்டி அனுப்பலாம் என்றார். அதற்கென்று தனிப் போம் இருக்கிறது, தனிக் கட்டணம் இருக்கிறது. கலாராணி கேட்டுக்கொண்டபடி அந்த விதியை பெக்ஸில் அனுப்பி வைத்தார்.

பெக்ஸ் இயந்திரத்திலிருந்து தாள் மெல்ல மெல்ல வெளியே வந்தது. கலாராணி அதை நின்றுகொண்டே படித்தாள். கட்டணத்தைப் பார்த்தாள். தனேஸ்வரன் கேட்டதில் பாதிகூட இல்லை. நேரான வழி ஒன்று இத்தனை நாளும் திறந்தே இருந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டு, அவர் கள்ள வழியை அவளுக்கு விற்றுக்கொண்டிருந்தார். அன்பளிப்பு என்று பொய்யாகப் போட்டுப் போன ஒவ்வொரு பொதிக்கும் கையெழுத்துப் போட்டவள் அவள்தான். மாட்டியிருந்தால் மாட்டுவதும் அவள்தான். பயத்தைவிட இப்போது கோபம்தான் அதிகமாக இருந்தது.

சனிக்கிழமை காலை இராக்கம்மாவோடு ஆறு பெண்கள், அரை நாள் சம்பளமான அரைப் பேர் போனாலும் பரவாயில்லை என்று மலைக்குப் போகாமல் பசாருக்கு இறங்கினார்கள். றஷீனாவும் வந்து சேர்ந்துகொண்டாள். தபால் கந்தோரில் கூட்டமாக இருந்தது. வரிசையில் நின்று, முறை வந்ததும் கலாராணி பெட்டியைத் தூக்கி வைத்தாள்.

"என்ன, பட்டாளத்தோட வந்திருக்கிறீர்?" என்றார் தனேஸ்வரன். "நான் சொன்னது என்ன ஆச்சு?"

"காப்புறுதிப் பார்சல் போம் ஒன்னு தாங்க ஐயா."

அவர் முகம் மாறியது.

"உந்தக் கதை இஞ்ச வேண்டாம். ஏலாது எண்டு சொன்னனான்."

"ஏலாதுன்னா, ஏன் ஏலாதுன்னு எழுதி கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எழுதித் தரவோ? இந்தா, இப்ப ஆமிக்குப் போன் எடுக்கிறன். வந்து பெட்டியைப் பாக்கட்டும்."

கலாராணி பெட்டியின் கட்டை அவிழ்த்தாள். ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்து, பெட்டியை அப்படியே சாய்த்தாள். பதினொரு கிலோ நாணயமும் பலகைமேல் கொட்டியது. யூரோவும் பென்ஸும் பில்ஸும் பிராங்கும் உருண்டு, சில தரையில் விழுந்து ஓடின. தபால் கந்தோரில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கூப்பிடுங்க ஐயா" என்றாள். "வரட்டும். நானே தொறந்து வச்சிருக்கேன்."

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து போஸ்ட் மாஸ்டர் வந்தார். யோகமலர் என்று பெயர். மாற்றலாகி வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கலாராணி பெக்ஸ் தாளை நீட்டினாள். யோகமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே முழுவதையும் வாசித்தார்.

"விதி சரியாத்தானே இருக்கு. ஏன் எடுக்கேல்ல?" என்று தனேஸ்வரனைக் கேட்டார்.

"மிஸ், இவை ஆர் எவை எண்டு தெரியாது. அதுதான்."

"இதுக்கு முன்னம் அனுப்பியிருக்கிறீரோ?" இது கலாராணியிடம்.

"அஞ்சு தடவ அனுப்பியிருக்கேன் மிஸ். அன்பளிப்புன்னு போட்டு. ஒவ்வொரு தடவையும் இவருக்குக் காசு குடுத்தேன்."

தனேஸ்வரன் எழுந்து நின்றார்.

"பொய். ரிசீட் இருக்கே? சாட்சி ஆர்?"

கலாராணியிடம் ரிசீட் இல்லை. சாட்சியும் இல்லை. ஒரு கணம் எல்லாம் முடிந்துவிட்டதுபோல இருந்தது. அப்போது அவள் பின்னாலிருந்து றஷீனா பேசினாள்.

"எனக்கு குவைத்திலேந்து வந்த பார்சலக் குடுக்க எழுநூறு வாங்கினாங்க. அன்டைக்கு நான் தனியா வந்தன். அதால வாய் தொறக்கல்ல. இன்டைக்குச் சொல்றன்."

வரிசையின் நடுவில் நின்ற ஒரு முதியவர், தன் மகளுடைய பாஸ்போர்ட் கடிதத்தை எடுக்க இருநூறு கொடுத்ததாகச் சொன்னார். மரக்கறி வியாபாரி ஒருவர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, அவருக்குப் பக்கத்தில் நின்றவர் அதையே ஆமோதித்தார். பிறகு இன்னொரு பெண். ஒவ்வொருவரும் தங்களுக்கு மட்டும்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள். தனேஸ்வரன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்கள் எழும்பி உள்ளுக்குப் போங்கோ" என்றார் யோகமலர். தானே அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

கீழே ஓடிய நாணயங்களை யார் யாரோ குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். பெட்டியைத் திரும்பக் கட்டி, நிறுத்து, பெறுமதியை எழுதி, முத்திரை குத்தி, கட்டணத்துக்கு ரிசீட் எழுதி யோகமலர் நீட்டினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளையும் நீட்டினார்.

"இப்ப சொன்னதை எழுதித் தர ஏலுமோ? ஒண்டு சொல்லிப்போடுறன். லஞ்சம் வாங்கினது மட்டுமில்லை, குடுத்ததும் குற்றம்தான். அன்பளிப்பு எண்டு பொய் போட்டு அனுப்பினதையும் கேப்பினம். யோசிச்சு எழுதும்."

கலாராணி யோசிக்கவில்லை. நின்றுகொண்டே ஒரு பக்கம் எழுதினாள். றஷீனா அடியில் கையெழுத்திட்டாள். முதியவர், மரக்கறி வியாபாரி, ஆறு தோட்டத்துப் பெண்கள் என்று பதினான்கு பேர் கையெழுத்திட்டார்கள். இராக்கம்மா தன் பெயரை எழுத்துக்கூட்டி, தாள் கிழியும்படி அழுத்தி எழுதினாள்.

பொதி செப்டெம்பர் பத்தொன்பதாம் திகதி ஜெர்மனிக்குப் போய்ச் சேர்ந்தது. சந்தையில் நல்ல வியாபாரம் என்று எழுதிய நாணயக் கடைக்காரர், பேசியதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து அனுப்பியிருந்தார். குழாய் பதுளையிலிருந்து லொறியில் வந்து இறங்கியது. தோட்டத்து ஆண்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை மண் வெட்டிப் புதைத்தார்கள். இருபதாவது காம்பராவின் வாசலில் தண்ணீர் முதலில் காற்றாக இரைந்து, செம்மண் நிறமாக வந்து, பிறகு தெளிந்தது. அந்த எட்டு மாதக்காரி இப்போது கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். குழந்தையைத் தான் வாங்கிக்கொண்டு, முதல் குடத்தை அவள் கையில் கொடுத்துப் பிடிக்க வைத்தாள் இராக்கம்மா. லயமே சேர்ந்து குலவை போட்டது. கலாராணி, தான் குறைத்துக் கொடுத்ததை ஈடு செய்ய, அடுத்த பொதிகளில் தன் அலைச்சலுக்காகப் பெண்கள் ஒதுக்கும் சிறு பங்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். டின்னைத் திருப்பிக் கேட்டவள் அன்றைக்கு அவளைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

நவம்பரில் விசாரணைக்குப் பதுளைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. தனேஸ்வரனை ஏற்கனவே வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். இராக்கம்மாவும் றஷீனாவும் துணைக்கு வந்து வெளியே இருந்த நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். விசாரணை அதிகாரி தலைநரைத்தவர், கடுமையான முகம். கலாராணி எழுதிக் கொடுத்த தாளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார்.

"லஞ்சம் கொடுத்ததும் குற்றம் என்று தெரிந்துதான் இதை எழுதினீர்களா?"

"தெரிஞ்சுதான் சார். போஸ்ட் மாஸ்டர் மிஸ் சொல்லிட்டுத்தான் தாளக் குடுத்தாங்க."

"பிறகு ஏன் எழுதினீர்கள்? உங்கள் பொதிதான் போய்விட்டதே. பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம்."

கலாராணி நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

"மொத தடவ குடுக்கும்போது, போனா என் முந்நூறு ரூபா போகட்டும், வேல நடக்கட்டும்னு நெனச்சேன் சார். அது என் காசே இல்ல. கொழுந்து எடுக்குறவங்களோட காசு. பொறகு அதுக்காகப் பொய் சொன்னேன். என்னைய நம்புனவங்க, அந்தப் பொய்யக் கேட்டு, எங்க வீட்டுக்குத் தண்ணி வராட்டியும் பரவால்லன்னாங்க." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "லஞ்சம் குடுக்குறவங்க எல்லாரும் சொந்தக் காசக் குடுக்குறதாத்தான் நெனைக்கிறோம். சுத்திச் சுத்தி அது இல்லாதவங்க தலையிலதான் விழுது சார். எனக்குத் தண்டன குடுக்குறதா இருந்தா குடுங்க. ஆனா இனிமே நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். எங்க தோட்டத்துலயும் யாரும் குடுக்க மாட்டாங்க."

அதிகாரி நீண்ட நேரம் எழுதினார். பிறகு பேனாவை மூடிவிட்டு, உண்மையைத் தானாக முன்வந்து சொன்னதால் அவள்மீது நடவடிக்கை வேண்டாம் என்று சிபாரிசு செய்வதாகச் சொன்னார். எழுந்து வந்து கதவையும் அவரே திறந்துவிட்டார்.

வாங்கிலிருந்து இருவரும் எழுந்தார்கள். உள்ளே நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, றஷீனா அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னாள். இராக்கம்மா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"அப்ப இத நம்ம பிரிவோட வச்சிக்கக் கூடாது" என்றாள். "தோட்டம் தோட்டமாப் போய் சொல்லணும். எந்தக் கந்தோருக்குப் போனாலும் தனியாப் போகாதீங்க, சட்டம் எங்க எழுதியிருக்குன்னு கேளுங்க, குடுத்த காசுக்கு ரிசீட்டு கேளுங்கன்னு சொல்லணும். நம்ம பயப்படுற வரைக்குந்தான் அவங்க கேப்பாங்க."